சவப்பெட்டிப் பலகையில ஒரு கிட்டார்

அட ரெஜினா, சவப்பெட்டிப் பலகையில கிட்டாரு ஏன் செய்ய முடியாது? தூத்துக்குடியில சவப்பெட்டிக் கடையில வேலை பாத்த அமலோற்பவம் செஞ்சாளே! சாகக் கெடந்த குரூஸ் வீட்டு அம்மாவுக்குன்னு அளவெடுத்த பலகை அது. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தம்மா எழுந்து உக்காந்து ஆட்டுக்கால் சூப்பு கேட்டுச்சு. பலகை மிஞ்சிப்போச்சு. அதுல இவ மத்த கிட்டாரவிட நீளமா கழுத்து வச்சு, தடிச்ச கம்பி கட்டி, காந்தத்துல செம்புக் கம்பியச் சுத்தி கரண்ட் கிட்டாராவே ஆக்கிட்டா. பாரிடோன்னு பேரு. சளி புடிச்ச பெரியவரு மாதிரி அடித்தொண்டையில பேசும்.

அதோட கச்சேரி கோஷ்டியில சேரப் போனா. கோஷ்டி மாஸ்டர் கஸ்பாரு, "ஏம்மா, பொணப்பெட்டிக்கு என் மேடையில இடமா? என்கிட்ட வெளிநாட்டு பாரிடோனே இருக்கு. திரைக்குப் பின்னால ரெண்டையும் வாசி. எது எதுன்னு என் காது தப்பாச் சொன்னா உனக்கு எடம்"ன்னாரு.

அவ வாசிச்சா.

"சீ, பொணவாடை!"

மறுபடி வாசிச்சா. மாஸ்டர் கண்ண மூடிக்கிட்டாரு. "ஆகா! இதுதான் என் வெளிநாட்டுது, பனியில வளந்த மரம்!"

கோஷ்டியே கைதட்டுச்சு. திரைய வெலக்குனா, மாஸ்டர் கிட்டாரு பூட்டுன பெட்டிக்குள்ளயே கெடக்கு!

"என்னடி பித்தலாட்டம் இது?"

"நான் என்ன செய்ய மாஸ்டர்? சாவி உங்க அரைஞாண்ல தொங்குது. நீங்க தரல. இருந்ததையே ரெண்டு தடவ வாசிச்சேன்."

அன்னைக்குச் சாயங்காலம் கோஷ்டியோட கல்யாணக் கச்சேரி மேடையில அவதான் வாசிச்சா. மாஸ்டரு காதுவலின்னு பஞ்சு வச்சுக்கிட்டு வீட்டுல படுத்துட்டாரு. ஏட்டி ரெஜினா! கதை கேட்டது போதும், மழை தூறுது பாரு, மொட்டமாடி வத்தலை உள்ள எடுத்துட்டு வா!