கார் கிளம்பாத காலைகள்

“நான் வேலைக்குப் போற நாள்ல மட்டும் வண்டி கிளம்ப மாட்டேங்குது. இது என்ன வியாதிம்மா?”

மங்கையர்க்கரசி இப்படிக் கேட்டபோது ஜெபமாலை ஒரு லாரியின் ஹெட்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

போடி பைபாஸில் ஜெபமாலையின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையைத் தெரியாத டிரைவர் கிடையாது. வயது முப்பத்திரண்டு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவள் போலத்தான் பேசுவாள்.

கேட்டவளுக்கு நாற்பத்தைந்து. வேதியியல் படித்தவள். அவள் அப்பா கொடுத்த கார் பதினாறு வருஷமாக வாசலில் நிற்கிறது. ஓடுகிறது என்று சொல்ல அவளுக்கே வாய் வராது.

“மழையில நிக்குதா?” என்றாள் ஜெபமாலை.

“இல்ல.”

“மலை ஏறுறப்ப?”

“ஏறிருச்சுன்னா எங்கயும் நிக்காது. காலையில கிளம்பாது. அவ்வளவுதான்.”

“கோயிலுக்குப் போற அன்னைக்கு?”

“அன்னைக்கெல்லாம் அவர் ஓட்டுவாரு. அவர் தொட்டா ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்ல. கைராசி.”

அவர் என்றால் சௌந்தரபாண்டியன், அவள் கணவர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காருக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துவிடுவார். கால் மட்டும் வெளியே தெரியும். பெண்டாட்டிக்காக இப்படி மாடாய் உழைக்கிற மனுஷன் உண்டா என்று தெருவே மெச்சும். மெச்சாத நாளில் அவள் மெச்சுவாள்.

“என்ன கோளாறுன்னு சொல்லுவாரு?”

“ஒரு நாள் பேட்டரி வயர் லூசுன்னு சொல்வாரு. ஒரு நாள் ஃபியூஸ் போச்சுன்னு சொல்வாரு. வண்டிக்கு வயசாச்சு, உனக்கு வீட்ல என்ன குறைம்பாரு. பத்து மணிக்கெல்லாம் சரி பண்ணிருவாரு பாவம். அதுக்குள்ள என் வேலை போயிருக்கும்.”

“அவர் மாத்துன பழைய பார்ட் இருக்கா?”

“பழசை வச்சு என்ன பண்ணுறது? நான் பார்த்ததே இல்லையே.”

ஜெபமாலை இப்போதுதான் திரும்பினாள். ஸ்க்ரூடிரைவரால் சுவரைக் காட்டினாள். அங்கே பலகை நிறைய கருகிய ரிலே, பொசுங்கிய வயர், உள்ளே கம்பி அறுந்த ஃபியூஸ். ஒவ்வொன்றிலும் வண்டி நம்பர் எழுதிய சீட்டு. எதை மாற்றினாலும் பழசைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை விடுவாள். வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனவர்களுடையதுதான் அந்தப் பலகையில் இருந்தது.

“அடுத்த தடவை கிளம்பலேன்னா செத்தது எதுவோ அதை எனக்குக் கொண்டு வாங்க.”

“எனக்கு எது செத்ததுன்னு எப்படித் தெரியும்?”

“கத்துக்கங்க.”

அரசிக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள். அவளுக்கு வேறு வழியும் இல்லை. ஏழு வருஷத்தில் இரண்டு வேலை போய்விட்டது. இரண்டும் சேர்ந்த வாரத்திலேயே போனது. இப்போது மூன்றாவது. பால் குளிரூட்டும் நிலையத்தில் லேப் வேலை. ஐந்து மணிக்குப் பால் வண்டி வந்துவிடும். அந்த வழியில் முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். பைக்கில் கொண்டுபோய் விடலாம் என்றால் அவருக்குப் பனி ஒத்துக்கொள்ளாது. வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். இதையும் கோட்டை விட்டால் நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்?

மூன்று வாரம் மத்தியான நேரங்களில் வந்தாள். காய் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். தானே கற்றுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒத்தாசையாகக் காருக்கு அடியில் குனிந்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்படி ஒரு பைத்தியக்காரி.

ஜெபமாலை சொல்லிக் கொடுத்ததும் அதிகமில்லை.

“முதல்ல லைட்டு. அப்புறம் ஹாரன். ரெண்டும் இருந்தா பேட்டரி மேல பழி போடாதீங்க.”

“சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்புங்க. பின்சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்ப் ரெண்டு செகண்டு உறுமும். கேக்கலேன்னா ஃபியூஸைப் பாருங்க.”

“ஃபியூஸ் செத்திருந்தா?” என்றாள் அரசி.

“மழை இல்லாத நாள்ல வைப்பருக்கு எதுக்கு ஃபியூஸ்? ரெண்டும் ஒரே அளவு, நீலக் கலர்தான். அதைப் பிடுங்கி இதுல போடுங்க.”

ஒன்றாம் தேதி. விடிகாலை நாலேகால். அரசி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் “என்னங்க” என்று கூப்பிடுவாள். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டு டார்ச்சோடு வருவார். அன்று அவள் கூப்பிடவில்லை.

லைட் எரிந்தது. சாவியை ஒரு கட்டம் திருப்பிக் காதைத் தீட்டிக்கொண்டாள். பின்சீட்டுக்கு அடியில் சத்தமே இல்லை.

பானெட்டைத் தூக்கினாள். போன் வெளிச்சத்தில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். பம்புக்கான இடத்தில் ஒன்றுமே இல்லை. கருகியதும் இல்லை, அறுந்ததும் இல்லை. பெட்டிக்குள் துழாவினாள். கீழே மண்டியிட்டுத் தரையெல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை.

வைப்பர் ஃபியூஸைப் பிடுங்கி அதில் போட்டாள். கார் ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது.

கதவு திறந்தது. சௌந்தரபாண்டியன் லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். கூப்பிட்டால்கூட இப்படி ஓடி வந்ததில்லை.

“எப்படி ஸ்டார்ட் ஆச்சு?”

இந்த வண்டி கிளம்ப வேண்டும் என்று ஏழு வருஷம் பாடுபட்டவர். அது கிளம்பியதைப் பார்த்து முகம் கறுத்து நின்றார்.

“பம்ப் ஃபியூஸைக் காணோம்.”

“எரிஞ்சு போயிருக்கும். பழைய வண்டிதானே.”

“எரிஞ்சது எங்கங்க?”

அவர் தெருவைப் பார்த்தார். “வழியில நின்னுரும் அரசி. தனியா மாட்டிக்குவே. பேசாம லீவு சொல்லிரு.”

“முதல் நாளேவா?”

கியரைப் போட்டாள். கண்ணாடியில் பார்க்கவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு வந்த பால் முழுவதையும் சோதித்துக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு வேலை முடிந்து நேராகப் பைபாஸுக்கு வந்தாள். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

“செத்ததைக் கொண்டு வந்தீங்களா?” என்றாள் ஜெபமாலை.

அரசி வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

ஜெபமாலை அந்தக் கையைப் பார்த்தாள். “செத்தா பொணம் இருக்கும்க்கா.”

அரசி பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இஞ்சி டீ போட்டுக் காருக்கு அடியில் நீட்டியிருக்கிறாள். குனிந்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டிருக்கிறாள். போன வேலைகளுக்காக அவள் அழுதபோது அந்தக் கைகள்தான் தலையைத் தடவிக் கொடுத்தன.

ஜெபமாலை உள்ளே போய் நாலைந்து நீல ஃபியூஸ்களை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள்.

“வீட்ல வைக்காதீங்க. உங்ககூடவே இருக்கட்டும்.”

அரசி வாங்கிக்கொண்டாள். கைப்பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க முதல்ல வந்த அன்னைக்கே.”

“அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. மூணு வாரம் என்னை லைட்டு, ஹாரன், பம்புன்னு படிக்க வச்சே.”

ஜெபமாலை கையைத் துணியில் துடைத்தாள்.

“சொல்லியிருந்தா வீட்டுக்குப் போனதும் அதை அவர்கிட்டயே சொல்லியிருப்பீங்க. ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை நினைச்சுச் சிரிச்சிருப்பீங்க.”

அரசி மறுக்க வாயெடுத்தாள்.

சிரித்திருப்பார்கள்தான். தட்டில் தோசை ஆறிப்போகும்வரை சிரித்திருப்பார்கள்.

அவள் நிறுத்திய பிறகும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்திருப்பார்.