கிளட்சுக்கு எட்டாத கால்

“எஞ்சின் புகையுதுங்கம்மா” என்றார் தெய்வசிகாமணி.

உமையாள் அம்மா காரைப் பார்க்கவில்லை. காரைச் சுமந்துகொண்டு வந்து நின்ற லாரியைத்தான் பார்த்தார்.

“ஓடற வண்டிதானுங்களே அண்ணா?”

“ஓடுமுங்க.”

“அப்பறம் எதுக்குச் சொமந்துட்டு வந்தீங்க?”

சிகாமணி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “மலையடி ரோடு குண்டும் குழியுமா கெடக்குதுன்னாங்க.”

ரோடு போன மாதம்தான் புதிதாகப் போட்டிருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

உமையாள் அம்மாவுக்கு வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். காவி கட்டுவதற்கு முன்னால் புனேயில் எஞ்சின்களைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆனைகட்டிப் பக்கம் ஓட்டுவீடு ஒன்றில் வந்து உட்கார்ந்துகொண்டார். மனசு சரியில்லாதவர்கள் அவரைத் தேடி வருவார்கள். சிகாமணி அவரைவிட இருபது வயது மூத்தவர். கணபதியில் பம்ப்செட்டும் டீசல் எஞ்சினும் செய்கிற பட்டறை அவருடையது. ஆறு வருஷமாக அம்மாவிடம் வந்துபோகிறார். வந்தால் ஓரமாக உட்கார்ந்திருப்பார், எதுவும் கேட்கமாட்டார்.

இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டார். அதுவும் எஞ்சினைப் பற்றி.

“எறக்குங்க, பாக்கலாம்.”

லாரிக்காரர் பலகையைச் சாய்த்துச் சங்கிலியைத் தளர்த்தினார். ஸ்டியரிங்கைப் பிடிக்கக் காருக்குள் ஏறப்போனவரைச் சிகாமணி தடுத்துவிட்டார். லாரிக்காரர் ஜன்னல் வழியாக ஒரு கையை விட்டுத் திருப்பிக்கொண்டே, பக்கவாட்டில் நடந்து இறக்கினார். இறக்கி முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கருநீல நிறம். நான்கு கதவு. பார்த்தால் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற கார் மாதிரிதான் இருக்கும். மூக்குக்குள் இருப்பது வேறு சமாச்சாரம். ஜெர்மன்காரன் பந்தயச் சாலைக்கென்று செய்த எஞ்சின். வரிசையாக ஆறு சிலிண்டர், கையால் போடுகிற ஐந்து கியர்.

“நவநீயோட காரா?”

“ஆமாங்க.”

நவநீதன் சிகாமணியின் ஒரே மகன். போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

சிகாமணி கதவைத் திறந்தார். உள்ளே உட்காரவில்லை. வெளியில் நின்றபடியே குனிந்து கையை நீட்டி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் உறுமியது. பின்னால் நீலமாகப் புகை வந்தது. உமையாள் அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கையை அசைத்தார். சிகாமணி அணைத்தார்.

“தினமும் ஸ்டார்ட் பண்ணுவீங்களா?”

“விடியக்காலம் குளிச்சுட்டு வந்து பண்ணுவனுங்க. பத்தி கொளுத்தி வெச்சுட்டு, கால் மணி நேரம் ஓடவிடுவேன். அப்பறம் தொடச்சு மூடிப்போடுவேன்.”

“வெளிய எடுக்கறது?”

“இல்லீங்க.”

“ஒரு தடவைகூட?”

“இல்லீங்கம்மா.”

உமையாள் அம்மா பானட்டின் மேல் கையை வைத்தார். “பட்டறையில புதுசா பிஸ்டன் ரிங் போட்ட எஞ்சினை என்ன பண்ணுவீங்கண்ணா?”

“பளு குடுத்து ஓட்டுவோமுங்க.”

“குடுக்கலீன்னா?”

சிகாமணி தரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னார். “ரிங்கு சிலிண்டர்ல சேந்து உக்காராது. சும்மா நின்ன எடத்துல ஓடவிட்டா சிலிண்டர் சுவரு கண்ணாடியாட்டம் வழவழன்னு ஆயிரும். ஆயில் மேல ஏறும். புகையும்.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதைக் கேக்கறதுக்கா லாரி வெச்சுட்டு வந்தீங்க?”



கோயமுத்தூர்க்காரர்களிடம் இது ஒரு வியாதி. மிஷின் பழுது என்றால் ஊரைக் கூட்டுவார்கள். மனசு பழுது என்றால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் போவார்கள்.

“வாங்க, மாங்கரை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வரலாம்” என்றார் அம்மா.

“முட்டி வலிங்க.”

“மெதுவாப் போலாம்.”

“லைசென்ஸ் எடுத்துட்டு வரலீங்க.”

“சரி. நான் ஓட்டறேன்.”

உமையாள் அம்மா வலதுபக்கக் கதவைத் திறந்தார். குட்டையான பெண்மணி. உள்ளே பார்த்தார். சீட்டு எங்கேயோ பின்னால் போய் நின்றிருந்தது. முன்னால் இழுப்பதற்காகக் குனிந்து, அடியில் இருந்த கம்பியைப் பிடித்தார்.

“தொடாதீங்க!”

மலையடிவாரமே கேட்டிருக்கும். டீக்கடையிலிருந்து லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

கத்தியது சிகாமணிதான். ஆறு வருஷத்தில் அம்மாவின் முன்னால் குரல் உயர்த்தியதே இல்லை அவர். “மன்னிச்சுக்கோங்க. மன்னிச்சுக்கோங்கம்மா” என்றார்.

உமையாள் அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு மண் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிகாமணியும் உட்கார்ந்தார். காரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கொச்சியில கப்பல் ஆபீசர் ஒருத்தரு வீட்டுல, மரத்தடியில கெடந்த வண்டிங்க. சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது. இவன்தான் கண்டுபுடிச்சான். இத்துப்போன தகரம். இதுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் புதுசா வாங்கிக்கலாமேடான்னேன். கியர் மாத்தற வண்டியிலதாம்ப்பா நம்ம ஓட்டறோம், மத்ததுல நம்மளைக் கூட்டிட்டுப் போறாங்கன்னான்.”

“ம்.”

“தகர வேலை, பெயிண்ட்டு எல்லாம் அவனே நின்னு பண்ணுனான். எஞ்சின் வெளிய இருந்துச்சு. பார்ட்ஸ் ஜெர்மனியில இருந்து வரோணும். அதுவரைக்கும் சும்மா இருப்பானா? எஞ்சினே இல்லாத கார்ல ஏறி உக்காந்துக்குவான். கிளட்சை மிதிக்கறது, கியரைப் போடறது, வாயாலயே உறுமறது. முப்பத்திரண்டு வயசுப் பையனுங்க! அவன் ஆத்தா ருக்கு காப்பி கொண்டுட்டுப் போவா. அவளையும் பக்கத்துல உக்கார வெச்சுக்குவான். எங்கடா போறோம்னு கேப்பா. ஊட்டிக்கும்மான்னுவான். பர்லியாறு வந்துருச்சு, குன்னூர் வந்துருச்சுன்னு சொல்லிட்டே கியர் மாத்துவான். ஸ்வெட்டர் எடுக்காம வந்துட்டமேடான்னு இவ சொல்லுவா. ஆத்தாளுக்கும் மகனுக்கும் கழண்டுருச்சுன்னு நான் சிரிப்பேன்.”

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“அவன் ஒரு நாளும் இதை ஓட்டலீங்கம்மா. மாசி மாசம் பார்ட்ஸ் வந்தப்ப அவன் இல்லை. நாந்தான் மெக்கானிக்கை வீட்டு ஷெட்டுக்கே வரச்சொல்லி முடிச்சேன். முடிஞ்ச அன்னிக்கு மொதமொதல்ல ஏறி உக்காந்தனுங்க. கிளட்சுக்குக் கால் எட்டல. கட்டைவிரல் நுனிகூடப் படல. அவன் ஆறடிக்கு மேலங்க. அப்பத்தான் ஒறைச்சுது, இது அவன் காலுக்குச் சீட்டு வெச்ச எடம்னு. எறங்கிட்டேன். ஊடு பூரா அவன் துணியெல்லாம் தொவைச்சுக் குடுத்தாச்சு. கட்டில்ல சொந்தக்காரங்க படுத்துட்டுப் போயிட்டாங்க. அவன் வெச்சது வெச்சபடி இருக்கறது இந்த எடம் ஒண்ணுதானுங்க.”

“அதனால ஓட்டல.”

“ஓட்டோணும்னா சீட்டை முன்னால இழுக்கோணும். இழுத்துட்டா அப்பறம் கொக்கி எந்தப் பல்லுல மாட்டியிருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“ருக்குமணிக்குச் சொன்னீங்களா?”

சிகாமணி ஒரு புல்லைப் பிடுங்கினார். “ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தா. ஒரே ஒரு தடவை உள்ள உக்காந்துக்கறனேன்னா. எல்லாம் கலைஞ்சு போயிரும், போடீன்னுட்டேன். சாவியை இடுப்புலயே சொருகிக்கிட்டேன். அப்பறம் அவ வரல. சாப்பாடு எடுத்து வெச்சிருக்குது, மாத்திரை போட்டாச்சா. அவ்வளவுதானுங்க இப்ப எங்களுக்குள்ள பேச்சு.”

காற்று இல்லை. காரிலிருந்து சூடான ஆயில் வாசனை வந்துகொண்டிருந்தது.

உமையாள் அம்மா எழுந்து, திறந்திருந்த கதவருகே மறுபடி போனார். இந்தத் தடவை எதையும் தொடவில்லை. குனிந்து காரின் தரையைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் புதுக் கார்ப்பெட். ஓரங்களில் தையல் கொஞ்சமும் பிசகாமல் இருந்தது.

“கார்ப்பெட் புதுசா?”

“ஆமாங்க. நவநீ ஆர்டர் குடுத்து வெச்சிருந்தது. தை மாசம் வந்துச்சு. அவன் புடிச்ச கலராச்சேன்னு போடச் சொல்லிட்டேன்.”

“நீங்க கூட இருந்தீங்களா?”

“இல்லீங்க, அன்னிக்குப் பட்டறையில லோடு ஏத்தற வேலை. சாயங்காலம் வந்து பாத்தேன். சுத்தமாப் பண்ணியிருந்தாங்க.”

“சுத்தமாத்தான் பண்ணியிருக்காங்க” என்றார் அம்மா. “துண்டு துண்டா வெட்டிப் போடாம, சீட்டுக்கு அடியிலயும் ஒரே விரிப்பாப் போகுது.”

சொல்லிவிட்டு விலகி நின்றார்.

சிகாமணி தலையாட்டினார். மறுபடி தலையாட்டினார். பிறகு அவர் தலை நின்றுவிட்டது.

எழுந்து போனார். முட்டி வலி என்ன ஆனதோ, மண்ணில் மண்டியிட்டு, கன்னம் கார்ப்பெட்டில் படுமளவு குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு போல்ட். போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடம் புதிதாக மின்னியது.

பட்டறைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சீட்டைக் கழற்றாமல் அடியில் கார்ப்பெட் போட முடியாது. திரும்ப மாட்டும்போது பின் போல்ட்டை முறுக்கச் சீட்டை முழுக்க முன்னால் தள்ள வேண்டும். முன் போல்ட்டை முறுக்க முழுக்கப் பின்னால் தள்ள வேண்டும். முன் போல்ட்டைக் கடைசியாக முறுக்கிய எவனோ, முறுக்கிய கையோடு சீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

சிகாமணி கையை விட்டுப் பல் வரிசையைத் தடவினார். கொக்கி கடைசிப் பல்லில் கிடந்தது. அதற்குப் பின்னால் போக இடமே இல்லை.

“கார்ப்பெட் போடறவன்” என்றார். “கார்ப்பெட் போடறவன் தள்ளி வெச்சதுங்க இது.”

தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார்.

“அவனுக்கா நான் பத்தி கொளுத்தினேன்?”



சிகாமணி அழுதார். சுடுகாட்டில் அழாத மனுஷன். வந்தவர்களுக்கெல்லாம் டீ சொல்லி, பந்தல்காரனுக்குப் பணம் கொடுத்து, எல்லாம் முறையாகச் செய்துமுடித்த மனுஷன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. டீக்கடைப் பக்கமிருந்து திரும்பி வந்த லாரிக்காரர், பாதி வழியிலேயே நின்று வேறு திசையில் பார்த்துக்கொண்டார்.

உமையாள் அம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். சிகாமணி குடித்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கோபம் வந்தது. சட்டென்று காருக்குள் ஏறி உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்து இழுத்தார். சீட்டு சடசடவென்று முன்னால் வந்தது. கிளட்சை மிதித்தார். அது தரைவரைக்கும் போயிற்று.

“அவ்வளவுதானுங்க” என்றார். “இனி இது வெறும் காரு. கேக்கறவனுக்குக் குடுத்தர்றேன். அவன் உக்காந்த எடமும் போச்சு. அது எங்க இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இனி யாரு இருக்கறா?”

உமையாள் அம்மா காரின் முன்பக்கமாகச் சுற்றி இடதுபக்கம் வந்தார். ஜன்னலைத் தட்டினார். உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. சிகாமணி எட்டிக் குமிழைத் தூக்கிவிட்டார்.

அம்மா கதவை அகலத் திறந்தார். ஏறவில்லை. காலியாக இருந்த அந்தச் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இங்க உக்காந்துட்டு அவன்கூட ஊட்டிக்குப் போனது யாருங்கண்ணா?”