காலி என்று யார் சொன்னது

காந்திபுரத்தில், ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் மூன்றாவது மாடியில் கோகிலவாணியின் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை இருந்தது. கோகிலவாணிக்கு வயது இருபத்தொன்பது. அவரிடம் தொழில் கற்க வந்திருந்த வெள்ளிங்கிரிக்கு ஐம்பத்து மூன்று. இதில் இருவருக்கும் கூச்சம் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

வெள்ளிங்கிரி பஞ்சாலையில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஃபியூஸ் போயிருந்தால் 'போச்சு' என்பார். போகவில்லை என்றால் 'இருக்குது' என்பார். நடுவில் வேறொன்றும் உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

கடையில் ஒரு வழக்கம். வேலைக்கு வரும் ஒவ்வொரு லேப்டாப்பின் மூடியிலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்ட வேண்டும். கொண்டுவந்தவர் சொன்னதை, அவர் சொன்னபடியே அதில் எழுத வேண்டும். 'அடிக்கடி தூங்கிப் போகுது.' 'மாமியார் வந்ததிலிருந்து இப்படித்தான்.' எதுவானாலும் அப்படியே. வெள்ளிங்கிரிக்கு இது வெட்டி வேலையாகத் தோன்றியது. ஆனாலும் எழுதினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோகிலவாணி உதிரி பாகம் வாங்க வெளியே போயிருந்தபோது ஃபிலோமினா வந்தார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். அவருக்கும் காது கேட்காது. பேச்சும் வராது.

ஒவ்வொரு சொல்லையும் கையால் எப்படிச் சொல்வது என்று தானே செய்து காட்டி, ஆறு வருஷமாக வீடியோ எடுத்து வைத்திருந்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள். போன வாரம் பழைய லேப்டாப் புகைந்து போனது. வீடியோக்கள் இருந்த எஸ்.எஸ்.டி. டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்து, வேறொரு லேப்டாப்பில் மிச்சமிருந்த இடத்தில் செருகினார். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வீடியோக்களுக்கு வேறு பிரதி கிடையாது.

இதையெல்லாம் அவர் வெள்ளிங்கிரியிடம் சொன்னார். கையால் சொன்னார். பிறகு போனில் தட்டி நீட்டினார். வெள்ளிங்கிரியின் கண்ணாடி மேஜையின் அந்தக் கோடியில் கிடந்தது. எட்டி எடுக்கச் சோம்பல்பட்டு, போனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டி வைத்தார். ஃபிலோமினா லேப்டாப்பைத் திருப்பி, எஸ்.எஸ்.டி. இருக்கும் இடத்தைத் தொட்டு, 'இல்லை' என்று கையசைத்தார். வெள்ளிங்கிரிக்குப் புரிந்தது அது ஒன்றுதான். நாலு விரலைக் காட்டி, நாலு மணிக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

டேப்பை ஒட்டி எழுதினார்: 'எஸ்.எஸ்.டி. தெரியவில்லை. வேறு ஒன்றும் சொல்லவில்லை.'

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடி மூடியைக் கழற்றினார். எஸ்.எஸ்.டி.யை எடுத்து முனையைத் துடைத்து, சாய்வாகச் செருகி, அழுத்தித் திருகாணியை மாட்டினார். லேப்டாப் கிளம்பும்போதே வரும் பயாஸ் திரையில் பார்த்தார். பெயர் இருந்தது. விண்டோஸில் பார்த்தார். இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தார். அங்கே இருந்தது, ஆனால் சி, டி மாதிரி டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல் கிடந்தது. ஓர் எழுத்தைக் கொடுத்தார். உடனே திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

கோகிலவாணி படியேறி உள்ளே வந்தபோது அவர் விரல் மவுஸின் மேல் இருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேனுங்க அம்மிணி. டிஸ்க் காலி. ஃபார்மேட் போட்டா முடிஞ்சுது."

"காலின்னு யாருங்ணா சொன்னது?"

"லேப்டாப்பே சொல்லுதுங்க."

"என்ன சொல்லுது? வாசிங்க."

வெள்ளிங்கிரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று இருந்தது.

"இதுல காலிங்கற வார்த்தை எங்க இருக்குது?"

இன்னொரு தடவை வாசித்தார். எங்கேயும் இல்லை.

"கேன்சல் குடுங்க."

கொடுத்தார்.

கோகிலவாணி மேஜை டிராயரிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். விண்டோஸ் அல்லாத இன்னொரு சிஸ்டம் அதில் இருந்தது. அதைக் கொண்டு லேப்டாப்பை மறுபடி கிளப்பினார். எஸ்.எஸ்.டி. முனகாமல் திறந்துகொண்டது. அகர வரிசையில் ஃபோல்டர்கள். முதல் ஃபோல்டரில் 'அடுப்பு' என்று ஒரு வீடியோ. தட்டினார்.

திரையில் ஒரு பெண் வந்து, இரண்டு கைகளாலும் ஏதோ செய்து காட்டிவிட்டுக் கைகளை இறக்கினார்.

வெள்ளிங்கிரி வால்யூமைக் கூட்டினார். முழுக்கக் கூட்டினார்.

"சவுண்டு வரலீங்க. ஸ்பீக்கரும் போயிருச்சாட்ட இருக்குது."

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குதுங்ணா."

அப்போதுதான் அவர் அந்த முகத்தைப் பார்த்தார். காலையில் வந்த முகம்.

"இது காலின்னு நான் நினைச்ச அதே டிஸ்க்குங்களா?"

"அதேதான். இதை எழுதுன பழைய லேப்டாப்போட சிஸ்டம் வேற. அந்தப் பாஷை விண்டோஸுக்குத் தெரியாது."

வெள்ளிங்கிரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லோணும். ஆறு மாசங்கூடப் பழகாத எனக்கே அது தெரியுது. தனக்குப் படிக்கத் தெரியலைன்னு அடுத்தவங்க எழுதி வெச்சதை அழிக்கட்டுமான்னு கேக்குதே, என்ன திமிருங்க இதுக்கு!"

கோகிலவாணி லேப்டாப்பின் மூடியைப் பாதி சாய்த்து, டேப்பில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

"வேறு ஒன்றும் சொல்லவில்லை."

"அந்தம்மா வாய் பேசாதவங்க அம்மிணி."

"எவ்வளவு நேரம் நின்னாங்க?"

"பத்து நிமிஷம் இருக்குமுங்க."

"பத்து நிமிஷமும் சும்மாவா நின்னாங்க?"

"இல்லீங்க, கையை ஆட்டிட்டே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அவமானமாக இருந்தது. ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால் அத்தனை வீடியோவும் போயிருக்கும் என்று நினைத்து மவுஸிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார். கோகிலவாணி எல்லா வீடியோக்களையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க விட்டுவிட்டு டீ சொல்லப் போனார்.

நாலு மணிக்கு ஃபிலோமினா வந்தார். திரையில் தன் ஃபோல்டர்களைப் பார்த்ததும் மேஜையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் கைகள் வேகமாகப் பேசத் தொடங்கின.

கோகிலவாணி மூலையில் இருந்த ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். ஃபிலோமினா உட்கார்ந்தார். எதிரே கோகிலவாணியும் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் தன் கையை நீட்டி ஏதோ கேட்டார். ஃபிலோமினா தலையிலடித்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பச் செய்தார். போனில் தட்டினார்கள். பில் புத்தகத்தின் பின்னட்டையில் படம் வரைந்தார்கள். இரண்டு தடவை சிரித்தார்கள். அரை மணி நேரம் ஆனது.

ஃபிலோமினா படியிறங்கிப் போன பிறகு வெள்ளிங்கிரி கேட்டார்.

"அம்மிணி, இந்தப் பாஷையை எங்க படிச்சீங்க?"

"படிக்கலீங்ணா. ஒரு சொல்லுகூடத் தெரியாது."

"அப்புறம் எப்படிங்க, அவங்க சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுது?"

"எங்கீங்ணா புரிஞ்சுது? புரியலைன்னுதான் ஸ்டூல் எடுத்துப் போட்டேன்."