பட்டன் பெயருக்கு ஒரு டேக்

“கையேட்டுல பட்டன் பேருக்கு, ‘இது பட்டன்’னு கம்ப்யூட்டருக்கு அடையாளம் சொல்ற டேக் போட்டாலும் தடிச்ச எழுத்தாத்தான் வருது மேடம். சும்மா போல்டு பண்ணினாலும் அதேதான் வருது. பிறகு எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

கேட்டவர் ஏசுவடியான். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். மாவு பிசையும் இயந்திரம் செய்யும் கம்பெனியில், கையேடுகளை வடிவமைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருந்தார்.

வேலை கற்றுக்கொடுத்த ரஹீமாவுக்கு அவர் மகள் வயதுதான். எழுத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று மனிதருக்கு உள்ளூரக் கடுப்பு. இருக்காதா பின்னே!

ஆங்கிலக் கையேட்டிலிருந்து சாப்ட்வேர் தமிழாக்கிய பக்கம் அவர் மேஜையில் கிடந்தது. ரஹீமா அதை எடுத்துக்கொண்டாள்.

“வாங்க சார், மெஷினைப் பாத்துட்டு வருவோம்.”

அதுவரை அவர் அந்த இயந்திரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பெரிய எஃகுப் பாத்திரம். அதற்குள் முழங்கை பருமனில் ஒரு கொக்கி. ஓடாமல் நின்றிருந்தது.

“மாவு சிக்கிக்கிச்சுன்னு வச்சுக்குங்க. இதுல என்ன போட்டிருக்கோ, அதைச் செய்யுங்க.”

அவர் உரக்கப் படித்தார்.

“‘மாவு சிக்கினால் உடனே பிடியை அழுத்தவும்.’”

பிடியைத் தேடினார். பாத்திரத்தின் உள்விளிம்பில், கொக்கிக்கு அடியில் ஒன்று இருந்தது. கையை உள்ளே விட்டு அழுத்தினார்.

“அழுத்திட்டேன் மேடம்.”

“கையை எடுத்துட்டு, தள்ளி நில்லுங்க.”

ரஹீமா சுவிட்சைப் போட்டாள்.

அவர் கை இருந்த இடத்தைக் கொக்கி சடாரென்று அறுத்துக்கொண்டு போனது. ஏசுவடியான் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ரஹீமா இயந்திரத்தின் முகப்பில் இருந்த சிவப்புப் பட்டனை அழுத்தினாள். கொக்கி அப்படியே நின்றது.

பட்டன் மேல் ஆங்கிலத்தில் பொறித்திருந்ததை அவர் படித்தார்.

“ஹோல்டு… ஐயோ, இதைத்தான் சாப்ட்வேர் பிடின்னு ஆக்கியிருக்கா?”

“டேக் இருந்திருந்தா, பட்டன் பேருன்னு சாப்ட்வேர் அதைத் தொட்டிருக்காது. நீங்க போல்டு மட்டும் பண்ணியிருக்கீங்க.”

ஏசுவடியான் சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்ன சார்?”

“தமிழ்ப் பக்கத்தைக் காலையிலேயே பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டேன் மேடம். நல்லாப் படிச்சுப் பாத்துட்டுத்தான்… ஒரு எழுத்துப்பிழைகூட இல்லியேன்னு…”

அவர் சொல்லி முடிக்கவில்லை.

ரஹீமா செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.