நெல்லிக்காய் இல்லாத நெல்லிக்காய்க் கூடை

செம்பூரை ஆண்டவர் மதயானை அடக்கிய மாறவேள். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் வயர் ஏது என்று கேட்காதீர்கள். செம்பூரில் இருந்தது.

ஒருநாள் விகடர் ஆவுடையப்பர், வயர் கூடை பின்னும் மாடத்தியை அரண்மனைக்கு அழைத்து வந்தார். பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய கூடை ஒன்றை அவள் நீட்டினாள்.

“நெல்லிக்காய்க் கூடைங்க, மகாராசா!”

அரசருக்கு எச்சில் ஊறியது. கையை உள்ளே விட்டுத் துழாவினார். கவிழ்த்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

“நெல்லிக்காய் எங்கே?”

“ஒவ்வொரு முடிச்சும் நெல்லிக்காய் மாதிரி உருண்டையா இருக்கும், சாமி. அதனால வந்த பேருங்க.”

அமைச்சர் வேங்கடத்தாருக்கு ஆவுடையப்பரைக் கண்டாலே ஆகாது. “மோசடி, அரசே! பேரில் இருப்பது பொருளில் இருக்க வேண்டாமா?” என்று தூபம் போட்டார்.

ஏமாந்த நாக்கு சும்மா இருக்குமா? “பேரில் இருப்பதைக் காட்டாதவருக்குச் சிறை! இன்று முதல் இதுவே சட்டம். பொழுது சாய்வதற்குள் நெல்லிக்காயைக் காட்டு!” என்று கத்தினார் அரசர்.

மாடத்தி அழுதேவிட்டாள். ஆவுடையப்பர் முன்னால் வந்தார். அவளை அழைத்து வந்தவர் அவர்தானே!

“சட்டம் எல்லோருக்கும்தானே, அரசே?”

“எல்லோருக்கும்தான்!”

ஆவுடையப்பர் வெளியே ஓடினார். சற்று நேரத்தில் சபை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கொம்பன் யானை நின்றது. தும்பிக்கையை உள்ளே நீட்டி மோப்பம் பிடித்தது.

அரசர் சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்தார். எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

“என்னய்யா இது?” குரல் மட்டும் வந்தது.

“மதயானை அடக்கிய மாறவேளே! பேரில் இருப்பதை ஒருமுறை காட்டிவிடுங்கள். பொழுது சாய இன்னும் நேரமிருக்கிறது.”

யானை பிளிறியது.

“ஐயோ! சட்டம் ரத்து! மாடத்தி, நீ வீட்டுக்குப் போ தாயே! யாராவது அதைக் கூட்டிப் போங்களேன்!”

யானை போனதும் அரசர் மெல்ல எழுந்து வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அரண்மனைக்கு நூறு கூடை பின்னித் தரும்படி மாடத்தியிடம் சொன்னார்.

“ஆவுடையப்பரே, இன்று முதல் உமக்குக் ‘கற்கண்டு நாவலர்’ என்று பட்டம்!”

ஆவுடையப்பர் அந்த வெறுங்கூடையை இரண்டு கையாலும் நீட்டினார்.

“மகிழ்ச்சி, அரசே. கற்கண்டை இதிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.”