அறுபத்தோரு சுதி

கிடாரின் ஆறு கம்பிகளை அறுபத்தோரு விதமாகச் சுதி கட்டிப் பார்த்துச் சலித்த பிறகுதான், இன்னாசி ஜெனோவா டீச்சரைத் தேடிப் படியேறினார்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, ஐஸ் கம்பெனிக்கு மேலே ஒற்றை அறை. கீழே மோட்டார் ஓடினால் மேலே தண்ணீர் டம்ளர் நடுங்கும். டீச்சர் அங்கேதான் கிடார் சொல்லிக்கொடுத்தார். உடைந்த கிடார்களைச் சரிசெய்தும் கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. இன்னாசிக்கு ஐம்பத்தெட்டு. கப்பல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிடாரை யாரிடமும் கற்காமல் தானாகப் பழகியவர். அதைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்ட காலமும் உண்டு. இப்போது அதைச் சொல்லவே அலுப்பாக இருந்தது.

"வாங்கண்ணே. என்ன உடைஞ்சிருக்கு?"

"ஒண்ணும் உடையல டீச்சர். இந்தக் கிடாருக்கு மொதல்ல ஒரு சுதி இருந்துச்சு. நானா கட்டுனது. அது தொலைஞ்சு போச்சு. நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்."

"முடியலன்னா?"

"இங்கயே வச்சிட்டுப் போயிருதேன். படிக்கிற யாருக்காவது குடுங்க. எனக்குப் போதும்."

வாய்ப்பேச்சுக்குச் சொன்னதல்ல. மனைவி மெற்றில்டாவிடம் சொல்லிவிட்டே கிளம்பியிருந்தார். அவள் அடுப்படியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் 'சரி' என்றாள். அவ்வளவுதான். 'எதுக்கு, இருக்கட்டுமே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழி நெடுக அந்தச் 'சரி' அவரை உறுத்திக்கொண்டே வந்தது.

டீச்சர் கிடாரை வாங்கவில்லை. இன்னாசியின் கக்கத்தில் இருந்த நோட்டைக் கேட்டார்.

துறைமுகத்தில் கொடுத்த பழைய டைரி. ஒன்பது வருடமாகச் செல்போனில் பார்த்துப் பார்த்து எழுதியது. உலகத்தில் யார் யாரோ கம்பிகளை எப்படி எப்படியோ கட்டுகிறார்கள். ஒரு பக்கத்தில் ஹவாய்த் தீவுக்காரர்களின் தளர்ந்த கட்டு. இன்னொன்றில் அயர்லாந்துப் பாட்டுக்காரர்கள் கட்டுவது. ஒவ்வொன்றையும் கட்டிப் பார்த்து, பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: 'இல்லை.' அறுபத்தோரு பக்கத்திலும் 'இல்லை.'

"பன்னிரண்டாம் பக்கத்தைக் கட்டுங்க" என்றார் டீச்சர்.

இன்னாசி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு வந்து உட்கார்ந்து, போனை முட்டியில் வைத்தார். கம்பியைத் தட்டினால் அது எந்தச் சுரம் என்று திரையில் ஒரு முள் காட்டும். கம்பியை முறுக்கும் கீயைத் திருகினார். கீழே மோட்டார் ஓடியதால் முள் பேய் பிடித்ததுபோல ஆடியது. ஆனாலும் இன்னாசி விரைவாகக் கட்டி முடித்தார். கட்டுவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை.

"வாசிங்க."

நான்கு தடவை மீட்டினார். நிறுத்தினார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். இது இல்ல."

"முப்பத்திமூணு."

கட்டினார். நான்கு தடவை மீட்டினார். "இதும் இல்ல."

"நாப்பத்தெட்டு."

நாற்பத்தெட்டைக் கட்டும்போது இன்னாசிக்கு எரிச்சல் வந்துவிட்டது. வந்த இடத்திலும் இதே வேலையா?

"ஒரு பாட்டு முழுசா வாசிச்சு எத்தனை வருசம் இருக்கும்ணே?" என்று டீச்சர் கேட்டார்.

இன்னாசி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவருக்கே தெரியாது.

டீச்சர் கிடாரை வாங்கி மடியில் படுக்கப் போட்டார். கம்பிகளை விரலால் ஒதுக்கிவிட்டு, கழுத்தில் வரிசையாகப் பதித்திருந்த உலோகப் பட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பி அழுந்தி அழுந்தி அவற்றில் தடம் விழுந்திருந்தது.

"இங்க பாருங்க. நடுவுல பளபளன்னு சின்னக் கோடு. இது இப்ப உள்ள தடம். அதைச் சுத்தி அகலமா ஒரு பள்ளம், களிம்பு ஏறிக் கெடக்கு பாத்தியளா? அது பழசு."

"அகலமா ஏன் இருக்கு?"

"கம்பி தொய்வா இருந்திருக்கு. தொய்வா இருந்தா விரல் பட்டதும் கம்பி பக்கத்துக்கு நகரும். ரொம்ப இறக்கிக் கட்டியிருக்கிய."

இன்னாசி கண்ணைப் பட்டையின் மேல் ஒட்டுவதுபோலக் குனிந்தார். ஒன்பது வருடமாக உலகமெல்லாம் தேடியது தன் மடியிலேயே கிடந்திருக்கிறது.

"அப்ப இதை வச்சு சுதியக் கண்டுபிடிச்சிரலாமா டீச்சர்?"

"இறங்கியிருந்துச்சுன்னு பட்டை சொல்லும். எவ்வளவுன்னு சொல்லாது."

வந்த வேகத்தில் போய்விட்டது இன்னாசியின் உற்சாகம். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மொதல்ல எதை வச்சுக் கட்டுனிய?" என்று டீச்சர் கேட்டார். "அப்ப போன் கெடையாதுல்லா?"

"போனா? புஸ்தகம்கூடக் கெடையாது. கப்பல்ல வந்த ஒரு ஆளு இறங்கிப் போறப்ப குடுத்துட்டுப் போன கிடார். கம்பியெல்லாம் கொடி மாதிரி தொங்கிட்டிருந்துச்சு. எந்தக் கம்பி எந்தச் சுரம்னு யாருக்குத் தெரியும்? எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். மெற்றில்டா மீன் ஆய உக்காந்தா எதையாவது முனகிட்டே இருப்பா. அவ தொண்டை எந்த எடத்துல வந்து உக்காருதோ அந்த எடத்துக்கு மூணாங் கம்பியக் கொண்டுவந்தேன். மத்ததையெல்லாம் அதுக்கு ஒத்துப்போற மாதிரி கட்டிக்கிட்டேன்."

"வாசிச்சியளா?"

"மூணு வருசம்! நான் வாசிப்பேன், அவ பாடுவா. நாங்களே கட்டுன ஒரே பாட்டு. சாயங்காலமானா எதிர்வீட்டுக்காரங்க நாற்காலியத் தூக்கிட்டு வந்துருவாங்க." இன்னாசி சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது.

"பெறகு?"

"எங்க தெரு மாதா கெபித் திருவிழா. மெட்ராஸ்லேந்து கச்சேரிக்கு ஒரு கிடார்காரர் வந்திருந்தாரு. நாங்களும் ஒரு பாட்டுப் பாடுதோம்னு மேடை ஏறிட்டோம். அவரு என் கிடாரை வாங்கி ஒரு தட்டு தட்டுனாரு. 'அண்ணாச்சி, இதுல ஒரு கம்பிகூடச் சரியில்லையே'ன்னு மைக்கிலேயே சொன்னாரு. எல்லாக் கம்பியையும் முறுக்கி, சரியான ட்யூனிங்ல கட்டி, எங்க பாட்டை அவரே வாசிச்சாரு. எனக்குத் தலைய எங்க கொண்டுபோய் வைக்கன்னு தெரியல. அவமானம் டீச்சர். இத்தனை நாளும் தப்பாவே வாசிச்சிருக்கேன்! அன்னைலேந்து அவரு கட்டுலதான் வாசிச்சேன், பழசு மறந்தே போச்சு."

"அவங்க பாடுனாங்களா?"

"யாரு?"

"உங்க வீட்டுல."

இன்னாசி கொஞ்சம் யோசித்தார். இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். இதை யாரும் கேட்டதில்லை.

"பாடுனா. ரெண்டாவது வரியில மேல ஏறும். அதுல தொண்டை பிசிறிப்போச்சு. கீச்சுன்னு ஒரு சத்தம். சனமெல்லாம் சிரிச்சிருச்சு. சேலை முந்தானைய வாயில வச்சுக்கிட்டு இறங்கிட்டா."

"நீங்க என்ன செஞ்சிய?"

"பனியில சளி புடிச்சிருக்கும்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி மிளகுத் தண்ணி போட்டுக் குடுத்தேன்."

டீச்சர் கிடாரை எடுத்து, ஆறு கீகளையும் ஒவ்வொன்றாகத் திருகித் தளர்த்தினார். நாற்பத்தெட்டாம் பக்கத்துக் கட்டு போயிற்று. கம்பிகள் கப்பல்காரன் கொடுத்த நாளில் தொங்கியதுபோலத் தொங்கின. கிடாரை இன்னாசியின் மடியில் வைத்தார்.

"இப்பக் கட்டுங்க."

"எதுக்குக் கட்ட?"

"கட்டுங்கண்ணே."

இன்னாசி எழுந்து கதவுப் பக்கம் போனார். மோட்டார் சூட்டுக்காக டீச்சர் நடுவில் அதைத் திறந்துவிட்டிருந்தார். இன்னாசி கதவில் கையை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கட்டும்போதெல்லாம் ஏன் கதவைச் சாத்துதிய? மோட்டாருக்குக் கதவு என்ன செய்யும்? சத்தம் தரை வழியால்லா வருது."

"பழக்கம் டீச்சர். வீட்டுல சாத்திட்டுத்தான் கட்டுவேன்."

"ஏன்?"

"இல்லன்னா போன் முள்ளு ஒரு எடத்துல நிக்காது. அடுப்படியில மெற்றில்டா மீன் ஆயும்போது..."

இன்னாசியின் கை கதவிலேயே இருந்தது.

கீழே மோட்டார் நின்றது. ஐஸ் கட்டிகளை வண்டியில் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. மேசையில் இருந்த டம்ளர் நடுங்குவதை நிறுத்தியது.

"மீன் ஆயும்போது?" என்றார் டீச்சர்.

"முனகுவா." இன்னாசி கதவிலிருந்து கையை எடுத்தார். "இன்னும் முனகுவா. அவ சத்தத்தைப் போன் புடிச்சுக்கும். முள்ளு அவ பக்கம் போயிரும். அதனால கதவைச் சாத்திருவேன். ஒன்பது வருசமா..."

அவர் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடமும், 'நம்ம பாட்டப் பாடேன்' என்று மெற்றில்டாவிடம் கேட்டபோதெல்லாம், வேலை கிடக்கிறது என்று அவள் எழுந்து போயிருக்கிறாள். தன் வாசிப்பு அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று இன்னாசி நினைத்திருந்தார். கம்பிகளைச் சரியான உயரத்தில் கட்டிவைத்துக்கொண்டு அல்லவா கேட்டிருக்கிறார்! அந்த உயரத்தில்தானே அவள் ஊர் முன்னால் தொண்டை உடைந்து நின்றாள்? அன்றைக்குத் தன் அவமானம் ஒன்றையே சுமந்து வீடு வந்தவர், அவளுடைய அவமானத்துக்கு மிளகுத் தண்ணீர் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இன்னாசிக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. டைரியை மூடினார். மூடிய அட்டையைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"காலம் போயிருச்சு டீச்சர்."

"எங்க போச்சு?"

"அவளுக்கு அம்பத்திமூணு வயசு. பழைய குரல் இல்ல. இப்ப செபமால சொன்னாலே ஆம்பளக் குரல் கணக்கா இருக்கு. எனக்குப் பழைய சுதியே கெடச்சாலும் இனி என்ன பிரயோசனம்? அவ அந்த எடத்துல இல்லையே. குரல் ரொம்ப இறங்கிப்போச்சு."

டீச்சர் உறையை எடுத்து, தொங்கும் கம்பிகளோடு அப்படியே கிடாரை அதற்குள் வைத்து மூடினார். அதைத் தன் அலமாரிப் பக்கம் வைக்கவில்லை. இன்னாசியின் தோளில் மாட்டிவிட்டார்.

"கம்பியும் இறங்கும்ணே."