மூன்று வருஷ மாதிரி

கலெக்டர் ஆபீசுக்கு நாற்காலி விற்கப் போன புத்திசாலி நான்தான். மூன்று வருஷமாக டெண்டர் போட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வாசல் காவலாளி என்னை ஊழியர் என்று நினைத்து வணக்கம் வைக்கிறார்.

இந்த முறை மேலாளர் தேவசகாயம் நிமிராமலே சொன்னார்: "உம்ம நாற்காலி மூணு வருஷம் அரசு ஆபீஸ்ல உழைச்சதுக்குச் சான்றிதழ் வேணும்."

"வாங்கினாத்தானே சார் உழைக்கும்?"

"அது உம்ம பாடு" என்று சாய்ந்துகொண்டார்.

"சார், கொஞ்சம் எந்திரிச்சு அடியில பாருங்க. என் கடைப் பேரும் தேதியும் இருக்கும். முதல் டெண்டருக்கு நான் மாதிரியாக் குடுத்த நாற்காலி. அன்னையிலேருந்து நீங்கதான் உட்கார்ந்திருக்கீங்க. சான்றிதழையும் நீங்களே எழுதிருங்க."

எழுதிக் கொடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

மறுவாரம் கடிதம் வந்தது: "நாற்காலி நன்றாக உழைக்கிறது. அலுவலகத்தில் இருபது பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு மாதிரி அனுப்பவும்."